அத்திரிபாச்சா இயந்திரமும் ஒரு டிபார்ட்மென்ட்டின் லட்சியங்களும்

நம் ஊரில் எந்த இன்ஜினீயரிங் காலேஜுக்குப் போனாலும் கம்ப்யூட்டர் சயின்ஸ் டிபார்ட்மென்ட் வாசலில் ஒரு போர்டு தொங்கும். விஷன், மிஷன், அதற்குக் கீழே கல்வி நோக்கங்கள். நான் படித்த காலேஜில் நீலப் பின்னணியில் தங்க எழுத்து. நாலு வருஷம் அதன் அடியில்தான் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏ.சி. லேபுக்குள் போனோம். இன்ஸ்பெக்‌ஷன் வருகிற வாரத்தில் மட்டும் எல்லாரும் மனப்பாடம் செய்ய வேண்டும் என்பார்கள். 'உலகத் தரம்' இரண்டு இடத்தில் வரும் என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் நினைவில் இல்லை.

இந்தப் போர்டுகளுக்கெல்லாம் கொள்ளுத்தாத்தா யார் என்று தேடிக்கொண்டு போனால், வழி கேம்பிரிட்ஜில் போய் நிற்கிறது. கம்ப்யூட்டரைப் பாடமாக நடத்தி, பரீட்சை வைத்து, சான்றிதழும் கொடுக்கிற படிப்பை உலகத்திலேயே முதலில் ஆரம்பித்தவர்கள் அவர்கள்தான், 1953ல். அந்த டிபார்ட்மென்ட்டின் ஆதி நோக்கம் என்னவாக இருந்தது என்று பழைய கதையைப் புரட்டினேன். நோக்கம் இருந்தது. கல்விதான் இல்லை.

அந்த ஊருக்கு இந்த விஷயத்தில் பூர்வஜென்ம வாசனை உண்டு. சார்லஸ் பாபேஜ் 1828லிருந்து 1839 வரை அங்கே லூக்காசியன் கணிதப் பேராசிரியர். நியூட்டன் உட்கார்ந்த நாற்காலி. பதினோரு வருஷத்தில் அவர் எடுத்த வகுப்புகள் பூஜ்யம். மனிதர் லண்டனில் இருந்துகொண்டு கணக்குப் போடும் இயந்திரம் கட்டுவதில் மும்முரமாக இருந்தார். அரசாங்கம் சுமார் 17,000 பவுண்டைக் கொட்டிவிட்டு 1842ல் கையைக் கழுவியது. இயந்திரமும் வரவில்லை, பாடமும் நடக்கவில்லை. இருந்தாலும் கம்ப்யூட்டரின் தந்தை என்ற பட்டம் அவருக்குத்தான். எங்களுக்கு மூன்றாம் செமஸ்டரில் வகுப்புக்கே வராமல் இருந்த சார் ஒருவருக்கு இந்தச் சேதி எட்டினால் தெம்பாக இருக்கும்.

பிறகு நூறு வருஷம் போல அந்தப் பக்கம் ஒரு சலனமும் இல்லை. 1937 மே மாதம் பல்கலைக்கழகம் 'கணித ஆய்வுக்கூடம்' என்று ஒன்றைத் திறந்தது. தலைவர் லென்னார்ட்-ஜோன்ஸ், வேதியியல் பேராசிரியர். இந்த வேலை பகுதிநேரம். அவருக்குக் கீழே மாரிஸ் வில்க்ஸ் என்ற இருபத்துச் சொச்ச வயது இளைஞர். இடம், பழைய உடற்கூற்றியல் பள்ளி. பிணத்தை அறுத்துப் பாடம் நடத்திய கட்டடம். வெயில் காலத்தில் மரத்தரையிலிருந்து ஃபார்மலின் வாடை எழும்பும் என்பார்கள். வாஸ்து பார்க்கிறவர்கள் யாரும் அந்த ஊரில் இல்லை போலிருக்கிறது.

நோக்கம் இதுதான். பல்கலைக்கழகத்தில் யாருக்குக் கணக்குப் போட வேண்டுமோ அவர்களுக்குப் போட்டுக்கொடுப்பது. கணக்குப் போடும் உத்திகளை வளர்ப்பது. அதாவது ஒரு மாவு மில். கோதுமையைக் கொண்டுவாருங்கள், அரைத்துத் தருகிறோம். மில்லில் யாருக்கும் விவசாயம் சொல்லிக்கொடுக்க மாட்டார்கள். அப்போது கையிலிருந்த முக்கியமான சாதனம் டிஃபரென்ஷியல் அனலைசர் என்ற சமன்பாடு தீர்க்கும் பொறியின் ஒரு மாதிரி, மெக்கானோ துண்டுகளால் செய்தது. மெக்கானோ என்பது வெள்ளைக்கார வீட்டுப் பையன்கள் கிரேன் கட்டி விளையாடும் சாமான். பொம்மையில் தொடங்கிய டிபார்ட்மென்ட் என்பதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

மில் சரியாக ஓட ஆரம்பிக்கும் முன்பே 1939ல் யுத்தம் வந்து, அரசாங்கம் கட்டடத்தை எடுத்துக்கொண்டது. வில்க்ஸ் ரேடார் வேலைக்குப் போனார். 1945ல் திரும்பி வந்தபோது அவரே தலைவர்.

1946 மே மாதம் காம்ரி என்ற கணக்கு நிபுணர் அமெரிக்காவிலிருந்து திரும்பும் வழியில் கேம்பிரிட்ஜில் ஒரு ராத்திரி தங்கினார். அவர் பையில் கணித மேதை வான் நாய்மன் எழுதிய ஓர் அறிக்கை. கட்டளைகளையும் எண்களையும் ஒரே நினைவகத்தில் வைக்கும் இயந்திரம் எப்படி இருக்க வேண்டும் என்ற திட்டம் அதில் இருந்தது. ஜெராக்ஸ் கடை இல்லாத காலம். காலையில் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். வில்க்ஸ் ராத்திரி கண்விழித்துப் படித்தார். பரீட்சைக்கு முதல்நாள் அடுத்தவன் நோட்டை வாங்கிப் படித்துப் பாஸான பரம்பரை நம்முடையது என்று இனிமேல் யாரும் கூச்சப்பட வேண்டாம். கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட்டே அப்படித்தான் தொடங்கியது.

அந்தக் கோடையில் பிலடெல்பியாவில் மூர் ஸ்கூல் என்ற இடத்தில் இந்த விஷயம் பற்றி எட்டு வார வகுப்பு. வில்க்ஸுக்கு அழைப்பு வந்தது. யுத்தம் முடிந்த கையோடு கப்பலில் இடம் கிடைக்கவில்லை. போய்ச் சேர்ந்தபோது கடைசி இரண்டு வாரம்தான் பாக்கி. நம் ஊர்க் கணக்கில் 25 சதவீத அட்டெண்டன்ஸ். 75 இல்லாவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது என்று இங்கே விரட்டியிருப்பார்கள். அவரோ திரும்பும்போது குவீன் மேரி கப்பலிலேயே புது இயந்திரத்துக்குப் படம் போட ஆரம்பித்துவிட்டார். அதன் பெயர் எட்சாக்.

எட்சாக்கின் நினைவகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சுமார் ஐந்தடி நீள இரும்புக் குழாய், உள்ளே பாதரசம். ஒரு முனையில் எண்களை ஒலித்துடிப்பாக அனுப்புவார்கள். ஆயிரத்தில் ஒரு விநாடி சொச்சத்தில் அது மறுமுனைக்கு வரும். வந்ததைப் பிடித்துத் திரும்ப முதல் முனைக்கே அனுப்புவார்கள். இப்படிச் சுற்றிக்கொண்டே இருக்கும்வரை நினைவு இருக்கும். மாமியார் வீட்டில் கொழுக்கட்டை சாப்பிட்ட மாப்பிள்ளை, பெயர் மறந்துவிடக் கூடாது என்று வழியெல்லாம் "கொழுக்கட்டை, கொழுக்கட்டை" என்று சொல்லிக்கொண்டு வந்தானே, அதே தொழில்நுட்பம். அவன் வாய்க்காலைத் தாண்டும்போது "அத்திரிபாச்சா" என்று குதித்தான். அதோடு கொழுக்கட்டை போய் அத்திரிபாச்சா வாயில் ஒட்டிக்கொண்டது. எட்சாக்குக்கும் அந்த வியாதி உண்டு. துடிப்பு ஒன்று தவறினால் குழாய்க்குள் அத்திரிபாச்சா. இப்படி ஒரு தொகுதிக்கு 16 குழாய்கள், 512 சொற்கள். இன்று சித்தப்பா வாட்ஸாப்பில் அனுப்புகிற 'இனிய காலை வணக்கம்' ரோஜாப்பூவின் ஓர் இதழ்கூட அதில் கொள்ளாது.

பணத்துக்கு வருவோம். ஜே. லயன்ஸ் என்பது லண்டனில் தெருவுக்குத் தெரு டீக்கடை வைத்திருந்த கம்பெனி. டீ, கேக், ரொட்டி. அவர்களுக்குக் கவலை ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன பில்கள். 1947ல் இரண்டு அதிகாரிகளை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள், ஆபீஸ் வேலைக்கு ஏதாவது புது வழி இருக்கிறதா பார்த்துவரச் சொல்லி. அவர்கள் பிரின்ஸ்டனில் கோல்ட்ஸ்டைன் என்ற நிபுணரைப் பார்த்தார்கள். அவர் சொன்னது, உங்கள் ஊர் கேம்பிரிட்ஜிலேயே ஒருவர் இதைக் கட்டிக்கொண்டிருக்கிறாரே. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அட்லாண்டிக்கைத் தாண்டிய கதை. திரும்பி வந்ததும் லயன்ஸ் 3,000 பவுண்டு கொடுத்தது. கூடவே ஓர் உதவியாளையும் அனுப்பியது. பதிலுக்கு, இயந்திரம் ஓடினால் அதைப் பார்த்து அவர்களும் ஒன்று கட்டிக்கொள்வார்கள். அப்படியே லியோ என்று ஒன்றைக் கட்டி, 1951 நவம்பரில் பேக்கரிக் கணக்கை அதில் ஏற்றினார்கள். கணிப்பொறிக் கல்வியின் முதல் புரவலர்களில் ஒரு டீக்கடை உண்டு என்பதை எந்த டிபார்ட்மென்ட் போர்டிலும் நான் பார்த்ததில்லை. நம் காலேஜ் வாசல் டீக்கடைக்காரர்கள் இதை லேமினேட் செய்து மாட்டலாம்.

1949 மே 6. எட்சாக் முதல்முறை ஓடியது. 3,000 வால்வு, 12 கிலோவாட் மின்சாரம். செய்து காட்டிய வித்தை, 0 முதல் 99 வரை வர்க்க வாய்ப்பாடு. எடுத்துக்கொண்ட நேரம் 2 நிமிடம் 35 விநாடி. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் எண்சுவடியில் பெருங்குழி என்று இதைத்தான் ஒப்பித்தார்கள், தடுமாறினால் பிரம்படி. எட்சாக்குக்கு யாரும் பிரம்பு வைத்திருக்கவில்லை. கைதட்டினார்கள்.

அடுத்த மாதமே உண்மை புரிந்துவிட்டது. வில்க்ஸ் ஒரு சமன்பாட்டுக்கு நிரல் எழுதினார். 126 கட்டளை. அதில் 20 பிழை. தாளில் ஓட்டை போடும் அறைக்கும் எட்சாக் அறைக்கும் நடுவே ஒரு மாடிப்படி. அதில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தபோது படித்திருப்பத்தில் அவருக்கு ஞானோதயம் வந்தது. தன் மிச்ச வாழ்நாளில் பெரும்பங்கு சொந்தப் பிழையைத் தேடுவதில்தான் கழியப்போகிறது என்று. புத்தருக்குப் போதிமரம், இவருக்கு மாடிப்படி. என்னைக் கேட்டால் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்கிற படிப்பின் முதல் பாடம் அந்தப் படிக்கட்டில்தான் நடந்தது. வாத்தியாரும் அவரே, மாணவரும் அவரே. இப்போதும் பாடத்திட்டத்தில் வேறு எதை மாற்றினாலும் அந்தப் பாடம் மட்டும் மாறவில்லை.

அங்கே டேவிட் வீலர் என்று ஓர் ஆராய்ச்சி மாணவர் இருந்தார். ஒரு கணக்கை ஒருமுறை எழுதிவைத்துவிட்டு வேண்டும்போதெல்லாம் கூப்பிட்டுக்கொள்ளலாமே என்ற யோசனை எல்லாருக்கும் இருந்தது. கூப்பிட்ட இடத்துக்குப் போவது சுலபம். போன மச்சான் திரும்பி வருவதுதான் பாடு. எங்கிருந்து கிளம்பினோம் என்று இயந்திரத்துக்கு நினைவிருக்காது. வீலர் ஒரு வழி செய்தார். கிளம்புகிற கட்டளையே தான் இருந்த இடத்தின் எண்ணை மடியில் முடிந்துகொண்டு போகும். போன இடத்தில் முதல் வேலையாக அந்த முடிச்சை அவிழ்த்து, கடைசி வரியில் 'இன்ன இடத்துக்குத் திரும்பு' என்று எழுதிவைக்கும். அவ்வளவுதான். இன்று உங்கள் போனில் நடக்கிற எந்த வேலைக்கும் அடியில் இந்த மச்சான் போய் வந்துகொண்டிருக்கிறான். வீலருக்கு 1951ல் டாக்டர் பட்டம் கிடைத்தது. கம்ப்யூட்டர் சயின்ஸில் உலகத்தின் முதல் டாக்டர் பட்டம் அதுதான் என்று பலரும் சொல்கிறார்கள். அப்போது அப்படி ஒரு பாடமே கிடையாது என்பது தனி விஷயம்.

இதற்குள் மில்லில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஓட்டை போட்ட தாள்நாடாவைக் கொண்டுவந்து கொடியில் துணி காயப்போடுவதுபோல வரிசையாக மாட்டிவிட்டுப் போக வேண்டும். ஆபரேட்டர் ஒவ்வொன்றாக எடுத்து ஓட்டுவார். இயந்திரத்தோடு ஒரு ஒலிபெருக்கியை இணைத்திருந்தார்கள். சத்தத்தைக் கேட்டே நிரல் ஒழுங்காகப் போகிறதா, ஒரே இடத்தில் செக்கு சுற்றுகிறதா என்று பழகியவர்கள் சொல்லிவிடுவார்கள். நம்பிக்கையான சிலருக்கு மட்டும் ராத்திரியில் தாங்களே ஓட்ட அனுமதி. எட்சாக் படுத்துவிட்டால் அவர்களும் வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டியதுதான்.

இந்த வாடிக்கையாளர்களில் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியின் கதை எனக்குப் பிடித்தது. நரம்பில் மின்துடிப்பு எப்படி ஓடுகிறது என்பதற்கான சமன்பாடுகளை எட்சாக்கில் போட்டுப் பார்க்க வேண்டும் என்று வந்தார். மில்லுக்குப் பராமரிப்பு விடுமுறை, ஆறு மாதம். மனிதர் கைப்பிடி சுற்றும் கணக்குப் பொறி ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு மூன்று வாரம் சுற்றினார். விடை வந்தது. 1963ல் நோபல் பரிசும் வந்தது. அதற்கு முந்தின வருஷம் நோபல் வாங்கிய ஜான் கென்ட்ரூ, மயோகுளோபின் என்ற புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடிக்க எட்சாக்கை உண்மையிலேயே பயன்படுத்தினார். ஆக அந்த ஆய்வுக்கூடம் திறந்திருந்தபோது ஒரு நோபலுக்கு உதவியது. மூடியிருந்து இன்னொரு நோபலைத் தடுக்க முடியவில்லை.

1952ல் சாண்டி டக்ளஸ் என்ற மாணவர் அந்த 12 கிலோவாட் இயந்திரத்தில் பூஜ்யம்-பெருக்கல் விளையாட்டைப் போட்டார். டெலிபோன் டயலைச் சுற்றி உங்கள் கட்டத்தைச் சொல்ல வேண்டும்; சின்னத் திரையில் புள்ளி புள்ளியாகத் தெரியும். லேபில் கேம் ஆடினான் என்று எங்களைப் பிடித்தால் ஐ.டி. கார்டை வாங்கிக்கொண்டு அப்பாவைக் கூட்டிவரச் சொல்வார்கள். டக்ளஸ் மனிதனும் இயந்திரமும் உரையாடுவது பற்றிய ஆய்வேட்டுக்காக அதைச் செய்தார். டாக்டர் பட்டம் கொடுத்தார்கள்.

கல்வி எப்போது வந்தது என்றால், கூட்டம் தாங்காமல் போனபோது. ஒவ்வொரு வேதியியல்காரருக்கும் வானியல்காரருக்கும் தனித்தனியாக உட்கார்ந்து சொல்லிக்கொடுத்து மாளவில்லை. 1951ல் வில்க்ஸ், வீலர், ஸ்டான்லி கில் மூவரும் சேர்ந்து ஒரு புத்தகம் போட்டார்கள். நிரல் எழுதுவதற்கான முதல் பாடப்புத்தகம். கோடைக்காலத்தில் குறுகிய வகுப்புகளும் நடத்தினார்கள். 1951ல் ஹாலந்திலிருந்து இயற்பியல் மாணவர் ஒருவர் வந்து மூன்று வாரம் கேட்டுவிட்டுப் போனார். எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. இன்று கூகுள் மேப்பில் குறுக்குவழி தேடும்போதெல்லாம் பேச்சில் வருகிற அதே டைக்ஸ்ட்ரா. அவர் புரோகிராமர் ஆனார். 1957ல் கல்யாணப் பதிவில் தொழில் என்ற இடத்தில் அப்படியே எழுதினார். அப்படி ஒரு தொழிலே கிடையாது என்று ஆம்ஸ்டர்டாம் அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள். இயற்பியலாளர் என்று எழுதித்தான் தாலி கட்ட, மன்னிக்கவும், மோதிரம் மாற்ற வேண்டியிருந்தது. சாஃப்ட்வேர் மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டார் அலைந்த காலமும் உண்டு, அரசாங்கமே நம்பாத காலமும் உண்டு.

1953ல் டிப்ளமோ வந்தது. எண்சார் பகுப்பாய்வும் தானியங்கிக் கணக்கீடும் என்று பெயர். 'தானியங்கி' என்று அழுத்திச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. கம்ப்யூட்டர் என்றால் அதுவரைக்கும் கணக்குப் போடுகிற ஆள், பெரும்பாலும் பெண்கள். பெண்களுக்கு முழுப் பட்டம் தருவதற்கே கேம்பிரிட்ஜ் 1948 வரை யோசித்துக்கொண்டிருந்தது. எட்சாக் ஓடியது 1949ல். பெண்ணுக்கும் மூளை உண்டு என்று அந்தப் பல்கலைக்கழகம் ஒத்துக்கொண்டது, பாதரசக் குழாய்க்கு உண்டு என்று ஒத்துக்கொள்ள ஒரே ஒரு வருஷம் முன்பு.

அதோடு அந்தப் புத்தி முழுசாகத் தெளிந்துவிடவும் இல்லை. கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் அதே டிபார்ட்மென்ட்டில் இருந்தவர். எல்லா ஆவணத்திலும் வருகிற சொல்லுக்கு மதிப்புக் குறைவு, அபூர்வமாக வருகிற சொல்லுக்கு மதிப்பு அதிகம் என்று 1972ல் கணக்கோடு எழுதினார். பெரும்பாலான தேடுபொறிகள் அதன்மேல்தான் நின்றன. உலகத்துக்குத் தேடுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தவரை அடுத்த அறையிலேயே தேடிக் கண்டுபிடித்துப் பேராசிரியர் நாற்காலி போட அவர்களுக்கு 1999 ஆகிவிட்டது. சிரிப்புக் கட்டுரைதான், ஆனாலும் இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

1958 ஜூலை 11 அன்று எட்சாக்கை நிறுத்திப் பிரித்துப் போட்டார்கள். 1970ல் கணித ஆய்வுக்கூடம் 'கம்ப்யூட்டர் ஆய்வுக்கூடம்' ஆயிற்று. பட்டப்படிப்புக்கு அங்கே டிரைபாஸ் என்று பெயர். முக்காலி என்று பொருள். பழைய நாளில் பட்டமளிப்பின்போது முக்காலியில் ஒருவர் உட்கார்ந்து எல்லாரையும் கிண்டலடிப்பாராம், பெயர் ஒட்டிக்கொண்டது. ஆக அந்த ஊரில் படிப்புக்கே கிண்டலின் பெயர்தான். நான் வேறு தனியாக எதற்கு?

இனி காபி. லயன்ஸ் டீயில் ஆரம்பித்தது காபியில் போய் முடியாமல் இருக்குமா? 1991ல் 'ட்ரோஜன் அறை' என்ற ஆராய்ச்சி அறைக்கு வெளியே ஒரே ஒரு காபிப் பானை. வேறு மாடிகளில் இருந்த ஆராய்ச்சியாளர்கள் படியேறி வந்து பார்த்தால் காலி. மறுபடியும் ஒரு மாடிப்படிதான் பாருங்கள்! வில்க்ஸாக இருந்தால் அங்கேயே நின்று ஞானம் பெற்றிருப்பார். இவர்கள் பானைக்கு நேராக ஒரு கேமரா வைத்து, நிமிடத்துக்கு மூன்று முறை கறுப்பு வெள்ளைப் படம் அவரவர் திரைக்கு வரும்படி செய்துவிட்டார்கள். 128க்கு 128 புள்ளி. பானையில் காபி இருக்கிறதா இல்லையா என்று தெரிந்தால் போதும். நுரை எண்ண வேண்டாமே. 1993ல் அதை இணையத்தில் ஏற்றியதும் லட்சக்கணக்கானவர்கள் வந்து ஒரு காபிப் பானையை வேடிக்கை பார்த்தார்கள். உலகத்தின் முதல் வெப்கேம். எந்தத் தொலைநோக்குத் திட்டத்திலும் இது இல்லை. எழுந்து போய்ப் பார்க்க ஆளுக்கு ஆள் சோம்பல்.

2000க்குப் பிறகு ஒரு புதுக் கவலை. சேர வருகிற பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தது. வந்தவர்களுக்கும் கம்ப்யூட்டரைப் பார்க்கத் தெரிந்ததே தவிர அதற்குள் கைவிட்டுப் பழக்கமில்லை. முந்தின தலைமுறை வீட்டிலேயே சின்னக் கணிப்பொறியை நோண்டி நோண்டிக் கற்றுக்கொண்டு வந்தது. இப்போது வருகிறவர்களின் வீட்டில் இருப்பது, நோண்டினால் அம்மா திட்டும் விலையில். இளநிலை மாணவர் சேர்க்கையைக் கவனித்த எபன் அப்டனும் அவருடைய சகாக்களும் உட்கார்ந்து யோசித்தார்கள். கெட்டுப்போனால் பரவாயில்லை என்கிற விலையில் ஒரு பலகையைச் செய்து பிள்ளைகள் கையில் கொடுப்பது என்று முடிவானது. 2012 பிப்ரவரி 29 அன்று ராஸ்பெர்ரி பை, 35 டாலருக்கு வந்தது. வந்த காலையிலேயே அதை விற்ற இரண்டு கம்பெனிகளின் இணையக் கடைகளும் கூட்டம் தாங்காமல் படுத்துவிட்டன. மெக்கானோ நினைவிருக்கிறதா? 75 வருஷம் சுற்றி மறுபடி விளையாட்டுச் சாமானில் வந்து நின்றார்கள். இத்தனைக்கும் நடுவில் 2008லேயே அந்த உலகின் முதல் டிப்ளமோவை நிறுத்தியாயிற்று.

ஒரு கணக்கு மட்டும் பாக்கி. 2001ல் டிபார்ட்மென்ட் ஊருக்கு வெளியே புதுக் கட்டடத்துக்குக் குடிபோனது. பில் கேட்ஸின் அப்பா பெயரைத் தாங்கிய கட்டடம். ஆகஸ்ட் 22 அன்று காபி கேமராவை அணைத்தார்கள். பானையை ஈபேயில் ஏலம் விட்டார்கள். ஜெர்மனியின் ஸ்பீகல் ஆன்லைன் எடுத்தது. எட்சாக் கட்ட டீக்கடை கொடுத்தது 3,000 பவுண்டு. காபிப் பானை போன விலை 3,350.